உங்க போன் என்ன போன்?

புனேயில் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடினால் சண்டை வருவதற்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன. காபிப்பொடியில் சிக்கரி எவ்வளவு போடலாம், இளையராஜாவா ரஹ்மானா, இங்கே கிடைக்கிற அரிசியில் எது இட்லிக்கு ஒத்துவரும், ஊருக்கு ரயிலில் போவது மேலா பஸ்ஸில் போவது மேலா. கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களில் புதிதாக ஒன்று சேர்ந்து, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஐஃபோனா, ஆண்ட்ராய்டா?

மற்ற சண்டைகள் பாயசம் வருவதற்குள் சிரிப்பில் முடிந்துவிடும். போன் சண்டை மட்டும் அப்படி முடிவதில்லை. யாராவது ஒருவர் முகம் வாடி வீட்டுக்குப் போகிறார். காரணம் எளிது. காபிப்பொடி விவாதத்தில் தோற்றவரை யாரும் காசில்லாதவர் என்று நினைக்கப்போவதில்லை. போன் விவாதத்தில் அந்த நினைப்பு பேசாமலே நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இது ஸ்மார்ட்போன் கொண்டுவந்த வியாதி என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் நாட்டில் டெலிபோன் என்பது ஆரம்பத்திலிருந்தே ஆளை அளக்கும் படியாகத்தான் இருந்திருக்கிறது. அதே சமயம், அந்த அளவு யாரையும் குத்தாமல் பார்த்துக்கொள்ளும் பக்குவமும் நம்மிடம் இருந்தது. அந்தக் கதையைத்தான் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று இந்தப் பதிவு.

பி.பி. காலம்

1994-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய தொலைத்தொடர்புக் கொள்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அன்றைக்கு இந்தியாவில் நூறு பேருக்கு 0.8 டெலிபோன். மொத்தம் சுமார் 80 லட்சம் இணைப்புகள். பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். உலக சராசரியோ நூற்றுக்குப் பத்து.

அதாவது ஒரு தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அதிசயம். எங்கள் தெருவில் மண்டிக்காரர் வீட்டில் இருந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் அந்த நம்பரைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பி.பி.' என்று அச்சடிப்பார்கள். நம்பர் எங்களுடையது இல்லை, ஆனால் கூப்பிட்டால் எங்களை அழைத்துவிடுவார்கள் என்று அர்த்தம். நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் சிரிப்பார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் கொடுப்பவர், வாங்குபவர் என்ற வித்தியாசம் பட்டவர்த்தனமாக இருந்தது. ஆனாலும் அது இரண்டு பக்கமும் உறுத்தாமல் இருக்க, யாரும் எழுதிவைக்காத சில விதிகள் இருந்தன. போன் வந்தால் மண்டிக்காரர் வீட்டு அம்மா மாடியிலிருந்து கத்த மாட்டார், பையனை அனுப்புவார். நாம் பேசும்போது கூடத்தில் இருப்பவர்கள் ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவார்கள். நாமும் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் பேச மாட்டோம். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட வேண்டாம் என்று வெளியூர் உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்போம். தீபாவளிக்கு முதல் பட்சணத் தட்டு அந்த வீட்டுக்குத்தான் போகும். போனுக்காகத் தருகிறோம் என்று நாமும் சொன்னதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

யாருடைய வீட்டில் துக்கச் செய்தி வந்தாலும் முதலில் தெரிவது அந்த அம்மாவுக்குத்தான். அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "ஊர்லேர்ந்து போன், கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மஞ்சள் பலகை

எண்பதுகளின் கடைசியில் எஸ்.டி.டி. பூத்துகள் வர ஆரம்பித்தன. மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, தலைக்குமேல் சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர். வேலைக்காக ஊரை விட்டு வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது கோயில் மாதிரி. இரவு கட்டணம் குறையும் நேரத்துக்காகக் காத்திருந்து பேசுவோம். பிம்ப்ரியிலும் சிஞ்ச்வடிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த தமிழ்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பூத்து வாசலில்தான் ஒருவருக்கொருவர் பழக்கமானார்கள். புனேயில் எனக்குக் கிடைத்த முதல் இரண்டு நண்பர்கள் அப்படி அந்த வரிசையில் கிடைத்தவர்கள்.

அந்த வரிசையிலும் நாகரிகம் இருந்தது. மீட்டர் எவ்வளவு ஓடியது என்று அடுத்தவர் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒருவன் எண்பது ரூபாய்க்குப் பேசுவான், ஒருவன் ஆறு ரூபாயில் "நல்லா இருக்கேன், வச்சுடறேன்" என்று முடித்துவிடுவான். இருவரும் வெளியே வந்து ஒரே கடையில் கட்டிங் சாய் குடிப்பார்கள்.

பதினாறு ரூபாய் நிமிஷம்

1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பாகச் சொல்லப்படுவது அதுதான். ஆரம்ப நாட்களில் கட்டணம் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை போனது. கூப்பிடுகிறவருக்கு மட்டுமல்ல, எடுக்கிறவருக்கும் காசு.

செல்போன் வைத்திருப்பவர் என்றால் கட்டட கான்ட்ராக்டர், டாக்டர், அரசியல்வாதி. இடுப்பு பெல்ட்டில் தோல் பை. மகாராஷ்டிராவில் அப்போது பி.பி.எல்., பிர்லா ஏ.டி. அண்ட் டி. என்று இரண்டு கம்பெனிகள். கூட்டங்களில் போனை எடுத்து மேஜைமேல் வைப்பதே ஒரு அறிவிப்பு. அதைப் பற்றி விவாதம் எதுவும் கிடையாது. வைத்திருப்பவர், இல்லாதவர் என்று இரண்டே ஜாதி.

ஆனால் எடுக்கிறவருக்கும் செலவு என்பதால் ஒரு நல்ல பழக்கம் பிறந்தது. செல்லில் கூப்பிட்டால் முதல் கேள்வியே "பேசலாமா?" என்பதுதான். 2003-ல் கூப்பிடுபவரே காசு கொடுக்கும் முறை வந்து, வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் போன பிறகும் அந்த "பேசலாமா?" மட்டும் தங்கிவிட்டது. காசுக்காக வந்த மரியாதை, காசு போன பிறகும் மரியாதையாகவே நின்றுவிட்டது.

கூடவே வந்தது மிஸ்டு கால். அதிலும் முறை உண்டு. சம்பாதிக்கிறவர் சம்பாதிக்காதவருக்கு மிஸ்டு கால் கொடுக்கக் கூடாது, அது கேவலம். அம்மா மகனுக்குக் கொடுக்கலாம். மகன் உடனே திருப்பிக் கூப்பிட வேண்டும். ஆபீஸ் பையன் மேனேஜருக்குக் கொடுத்தால் மேனேஜர் முகம் சுளிக்காமல் கூப்பிட வேண்டும். யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் செலவை ஏற்றுக்கொள்வது, அதைப் பேச்சில் கொண்டுவராமல் இருப்பது. யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தராமல் நாடே கற்றுக்கொண்டது இதை. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். 'ஒன் இந்தியா' என்று நாட்டில் எங்கே பேசினாலும் நிமிஷம் ஒரு ரூபாய் என்று ஆக்கியபோது, புனேயிலிருந்து ஊருக்கு மிஸ்டு கால் கொடுக்கும் தேவையும் மெல்லக் குறைந்தது.

"ரிலையன்ஸா?"

நான் நினைத்துப் பார்க்கிறவரை, போன் பெயரைச் சொல்லி ஆளை மட்டம் தட்டும் வழக்கம் இங்கேதான் தொடங்கியது. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் வந்தது. 2003 மழைக்காலத்தில் 501 ரூபாய் கொடுத்தால் கையில் போன் என்று ஒரு திட்டம். மீதியைத் தவணையில் கட்டலாம். கார்பென்டர், ஆட்டோ டிரைவர், காய்கறி வண்டிக்காரர் எல்லோர் கையிலும் போன் வந்தது. உடனே ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஒரு புதிய வித்தியாசம் தேவைப்பட்டது. "ஓ, ரிலையன்ஸா? அதுல சிம் மாத்த முடியாதே" என்று ஆரம்பித்தார்கள். ஜி.எஸ்.எம். உசத்தியா சி.டி.எம்.ஏ. உசத்தியா என்று ஆபீஸ் கேன்டீனில் நடந்த விவாதங்களில் தொழில்நுட்பம் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு, "எனக்கும் என் டிரைவருக்கும் ஒரே மாதிரி போனா?" என்கிற சங்கடம்.

அதே 2003-ல் நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத கீபேட், தலையில் டார்ச் லைட். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் போனை வைத்து யாரும் யாரையும் மட்டம் தட்டவில்லை. முதலாளி கையிலும் அதுதான், வாட்ச்மேன் கையிலும் அதுதான். சார்ஜர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ரயிலில் "அண்ணே, நோக்கியா பின் இருக்கா, மெலிசு?" என்று கேட்டால் எதிர் சீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார். இந்தியப் போன் சரித்திரத்தில் சமத்துவம் என்று ஒரு காலம் இருந்ததென்றால் அது அந்த நாலைந்து வருஷம்தான்.

நோக்கியாவுக்கு நம் ஊர்த் தொடர்பும் உண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போனார்கள். வரித் தகராறு காரணமாக மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கியபோது இந்தத் தொழிற்சாலை மட்டும் விடுபட்டுப்போனது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. உலகத்தில் முதலிடத்தில் இருந்த போனுக்கே இந்த கதி. "என் கம்பெனிதான் நிலைக்கும்" என்று பார்ட்டியில் சத்தியம் பண்ணுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கருப்புப் பழமும் சைனா செட்டும்

சமத்துவம் நிற்கவில்லை. 2004-ல் இந்தியாவுக்கு வந்த பிளாக்பெர்ரி, சில வருஷங்களில் 'ஆபீஸில் கொடுத்தது' என்று சொல்லிக்கொள்ளும் போன் ஆனது. மெயில் வரும்போது மினுக்கும் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு பதவிச் சின்னம். அந்தப் பக்கம் நாலு ஸ்பீக்கர், இரண்டு சிம், டி.வி. ஆன்டெனா எல்லாம் வைத்த சைனா செட்டுகள். கல்யாண மண்டபத்தில் சைனா செட் அலறினால் அத்தனை பேரும் திரும்பிச் சிரிப்பார்கள். 2009 டிசம்பர் முதல், முறையான ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாத போன்களுக்கு அரசு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னபோது, பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்தச் சிரிப்புக்கு ஆளானவர்களே.

பிளாக்பெர்ரி என்ன ஆயிற்று? அதன் மெசஞ்சர் 2019 மே மாதம் மூடப்பட்டது. பழைய பிளாக்பெர்ரி போன்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ல் நின்றன. சைனா செட் சொல்லிக்கொடுத்த இரண்டு சிம் இன்றைக்கு எல்லாப் போனிலும் இருக்கிறது. யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று யோசித்தால் இப்போது சிரிப்பு வருகிறது :-)

முப்பத்தோராயிரம்

ஐஃபோன் இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது 2008 ஆகஸ்ட் 22. ஏர்டெல்லும் வோடஃபோனும் விற்றன. 8 ஜி.பி. மாடல் 31,000 ரூபாய். அமெரிக்காவில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு 199 டாலர் என்ற விளம்பரத்தைப் பார்த்திருந்த ஜனங்களுக்கு மயக்கம் வந்தது. இங்கே அந்த மாதிரி ஒப்பந்தம் போட்டுப் போனை மலிவாகத் தரும் வழக்கம் கிடையாது, முழு விலையும் நம் பையிலிருந்துதான். ஆகவே அமெரிக்காவிலிருந்து வரும் மச்சினனிடம் சொல்லிவைத்து வாங்குவது, அதை 'அன்லாக்' பண்ண ஆள் தேடுவது என்று தனி உலகம் நடந்தது.

2009-ல் ஆண்ட்ராய்டு வந்தது. அதற்குப் பிறகு சண்டையை நாம் மட்டும் போடவில்லை, கம்பெனிகளே எடுத்துக்கொடுத்தன. 2011 கடைசியில் அமெரிக்காவில் சாம்சங் ஒரு விளம்பரம் செய்தது. புதுப் போனுக்காகக் கடை வாசலில் ராத்திரி முழுக்கக் காத்திருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் விளம்பரம். அதாவது போனை அல்ல, போனை வாங்குகிற ஆளைக் கிண்டல் செய்தார்கள். நம் பார்ட்டிகளில் நடப்பதும் அதே.

அந்த விளம்பரங்களின் பின்கதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெட்போன் ஓட்டையை ஆப்பிள் எடுத்தபோது சாம்சங் கேலி செய்தது. 2019-ல் நோட் 10-ல் தானும் எடுத்தது. 2020-ல் பெட்டியில் சார்ஜர் இல்லை என்று கேலி. 2021 ஜனவரியில் எஸ் 21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. இன்னொரு பக்கம், 2017-ல் வந்த ஐஃபோன் டென்னின் திரையைச் செய்துகொடுத்ததே சாம்சங்தான். ஆண்ட்ராய்டை நடத்தும் கூகுள், ஐஃபோனில் தன் தேடல் வசதி முதலில் நிற்பதற்காக ஆப்பிளுக்கு 2022-ல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளியானது. சம்பந்திகள் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வாசலில் நின்று அடித்துக்கொள்வது நாம்தான்.

2014 இன்னொரு திருப்பம். ஜூலையில் ஷியோமி இணையத்தில் மட்டும், நொடிகளில் தீர்ந்துபோகும் விற்பனையாகப் போன் விற்றது. டிசம்பரில் ஒன்பிளஸ், அழைப்பு இருந்தால்தான் வாங்க முடியும் என்றது. அதுவரை அதிக விலை கொடுத்தவர் பெருமைப்பட்டார். இப்போது குறைந்த விலையில் அதிகம் வாங்கியவரும் பெருமைப்பட ஆரம்பித்தார். 'அதே பிராசஸர், பாதி விலை' என்பது இரண்டாவது கட்சியின் கோஷம். இன்றைய பார்ட்டி விவாதத்தின் இரண்டு அணிகளும் அப்போதுதான் முழுமையாக உருவாகின. ஒரு அணி மற்றதைப் 'பந்தா' என்கிறது. மற்றது இதைக் 'கஞ்சம்' என்கிறது. இரண்டு வார்த்தையுமே போனைப் பற்றியது இல்லை.

பச்சையும் நீலமும்

அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு வேறு வடிவம். அங்கே குறுஞ்செய்திக்கு ஐஃபோனில் இருப்பதையே பயன்படுத்துகிறார்கள். ஐஃபோனிலிருந்து ஐஃபோனுக்குப் போனால் நீல நிறம், மற்றதற்குப் பச்சை. பள்ளிப் பிள்ளைகளின் குழுக்களில் பச்சைக்காரனைச் சேர்த்துக்கொள்வதில்லை என்ற அளவுக்கு அது வளர்ந்தது. 2022 செப்டம்பரில் ஒரு மாநாட்டில் ஒருவர் எழுந்து, ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பும் வீடியோக்கள் சரியாகப் போய்ச் சேருவதில்லை என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்கிடம் கேட்டார். அம்மாவுக்கு ஓர் ஐஃபோன் வாங்கிக்கொடுங்கள் என்று பதில் வந்தது. கூட்டம் சிரித்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு ஆப்பிள்மேல் போட்ட வழக்கில் இந்தப் பதிலும் இடம்பெற்றது. அதே வருஷம் செப்டம்பரில் ஐஃபோன், மற்ற போன்களோடு ஓரளவு ஒழுங்காகச் செய்தி பரிமாறும் முறையை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் நாம் எல்லோரும் வாட்ஸப். நிறப் பிரச்சினை இல்லை. ஆனால் டிம் குக் சொன்ன பதிலை நம்மவர்கள் தினமும் சொல்கிறார்கள். குரூப் போட்டோ எடுத்ததும் "ஏர்டிராப் பண்றேன், ஆன் பண்ணுங்க" என்று ஒருவர் சொல்வார். பத்துப் பேரில் மூன்று பேர் போனை நீட்டுவார்கள். மற்ற ஏழு பேர் வேறு எங்கோ பார்ப்பார்கள். "ஓ, உங்களுக்கு வராது இல்ல?" என்று அவர் சொல்லும்போது அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. இருந்தாலும் படுகிறது.

இரண்டு வருஷம் முன்பு எங்கள் சொசைட்டி கிளப் ஹவுஸில் பொங்கல் விழா. ஆளுக்கொரு பதார்த்தம், பிள்ளைகள் நடனம். சாப்பாட்டுக்குப் பிறகு ஹிஞ்சவடியில் முதல் வேலையில் சேர்ந்த விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் புது ஐஃபோனை எடுத்தான். ஒரு சீனியர் பிடித்துக்கொண்டார். "இ.எம்.ஐ. தானே? அந்தக் காசுல இதைவிட நல்லதா ரெண்டு வாங்கியிருக்கலாம். லோகோவுக்குக் காசு குடுத்திருக்கே." பையன் சிவந்துபோய், "சார், உங்க போன் ரெண்டு வருஷத்துல ஹேங் ஆயிடும்" என்றான். ஆளாளுக்கு அணி சேர்ந்தார்கள். கேமரா, பேட்டரி, மறுவிற்பனை விலை. என் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மேஜைமேல் இருந்த திரை கீறிய போனை மெதுவாகக் குப்புறத் திருப்பி, அதன்மேல் கைக்குட்டையை வைத்தார். அவர் கணவருக்கு வேலை போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. அது எங்களில் சிலருக்குத்தான் தெரியும்.

விழா நடத்திய வீட்டுப் பாட்டி திருவையாற்றுக்காரர். எழுபதைத் தாண்டியவர். "அதெல்லாம் இருக்கட்டும். எம் பேத்தி ஆடினதை யார் எடுத்தேள்? எனக்கு அனுப்புங்கோ, ஊருக்கு அனுப்பணும்" என்றார். எல்லோரும் அவரவர் போனில் தேடினார்கள். பின்னால் நின்று எடுத்தவர்கள் படத்தில் தலைகள்தான் நிறைய. "நீ முன்னாடி உக்காந்து எடுத்தியே, காட்டு" என்று அந்தப் பெண்ணிடமே நேராகக் கேட்டார் பாட்டி. அவர் தயங்கித் தயங்கிப் போனைத் திருப்பினார். வீடியோ முழுசாக, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இருந்தது. கீறலை யாரும் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார்கள். பிராசஸர் பேச்சு அதோடு போயிற்று.

பாட்டி வேண்டுமென்றே செய்தாரா, எதேச்சையா என்று நான் கேட்கவில்லை. மண்டிக்காரர் வீட்டு அம்மாவின் ஞாபகம் மட்டும் வந்தது.

அப்போ பேசவே கூடாதா?

பேசலாம். போன் நல்ல விஷயம், பேச நிறைய இருக்கிறது. பழைய பழக்கங்களிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது.

வாங்குவதற்கு முன்னால் கேட்டால் ஆயிரம் யோசனை சொல்லலாம். வாங்கிய பிறகு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்க மாட்டோம் அல்லவா, அதே மாதிரி.

விலை கேட்க வேண்டாம். இ.எம்.ஐ.யா என்று கேட்கவே வேண்டாம். அது எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரை எட்டிப் பார்ப்பது. "இதுல உங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கண்பார்வை மங்கிய அப்பாவுக்குப் போன் படித்துக் காட்டுகிறது என்பார், ஒருவர் இரண்டு சிம்மில் ஒன்று ஊர் நம்பர் என்பார். இரண்டு கட்சிக்காரர்களும் அதைக் கேட்டுக்கொள்வார்கள்.

போட்டோ பகிரும்போது எல்லோருக்கும் எட்டுகிற வழியில் பகிருங்கள். வாட்ஸப்பில் தரம் குறைகிறது என்றால் டாக்குமென்டாக அனுப்பலாம், ஒரு லிங்க்காகப் போடலாம். அதிக வசதி இருப்பவர் இரண்டு நிமிஷம் அதிகமாகச் சிரமப்படுவது, மிஸ்டு காலுக்குத் திருப்பிக் கூப்பிட்ட அதே முறைதான்.

பெரியவர்களின் போனைக் கிண்டல் செய்யாதீர்கள். பெரும்பாலும் அது பிள்ளை புதிது வாங்கியபோது கைமாறியது. "இது எம் பையன் குடுத்தது" என்று அவர்கள் சொல்வது மாடல் நம்பரை அல்ல.

முக்கியமாக, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது. நாம் விளையாட்டாகச் சொல்லும் 'பந்தா'வும் 'கஞ்ச'மும் அடுத்த நாள் ஸ்கூல் பஸ்ஸில் ஏறிப் போகின்றன. நமக்கு ராத்திரியே மறந்துவிடும். அந்தப் பஸ்ஸில் பழைய போன் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மறக்காது. புது ஊரில், வேற்று பாஷையில், ஏற்கெனவே கொஞ்சம் தள்ளி நிற்கிற நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலி நாம் கட்டித்தர வேண்டியதில்லை.

கொசுறு: பார்ட்டியில் மோதிக்கொள்ளும் ஐஃபோன் நம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் பூட்டப்பட்டதாக இருக்கலாம். சாம்சங் நொய்டாவிலிருந்து வந்ததாக இருக்கலாம். 2021 டிசம்பரில் அந்த ஃபாக்ஸ்கான் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனபிறகு, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சில வாரம் ஆலை மூடிக் கிடந்து 2022 ஜனவரியில் திறந்தது. மூடிய நோக்கியா வளாகத்தை சால்காம்ப் என்ற கம்பெனி எடுத்துக்கொண்டது. அங்கே செய்வது சார்ஜர். அடுத்த முறை எந்தப் போன் உசத்தி என்று யாராவது ஆரம்பித்தால், "ரெண்டும் நம்ம பொண்ணுங்க பூட்டினதுதான், சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள். நான் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறார்கள்.